சகோதரிகள்: இல்லை

1

எங்களுடைய எட்டாவது கல்யாண நாளன்று மதுரையிலிருந்து போன் வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. மெல்போர்னில் ஜூலை மாதக் குளிர். என் கணவர் முத்து அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகள் கயலுக்கு ஆறு வயது. முந்திரியைப் பொறுக்கித் தின்றபடி அவர் காலையே சுற்றிக்கொண்டிருந்தாள். போனில் பாபு அண்ணன். எனக்கு ஒரே அண்ணன். இந்த எட்டு வருஷத்தில் அவனாக என்னைக் கூப்பிட்டது அதுதான் மூன்றாவது தடவை.

“நல்லாருக்கியா? வீட்ல எல்லாம் சௌக்கியமா? ஒரு காரியம் ஆகணும்.”

வீட்ல எல்லாம் என்றால் என் கணவரும் பிள்ளையும். அவர்கள் பெயர் அவன் வாயில் வராது.

“சொல்லுண்ணா.”

“நம்ம ஹேமாவுக்கு ஒரு வரன் கூடி வருது. நெட்ல பாத்தது. சேலத்துப் பையன், நம்ம ஆளுக. இப்ப ஒங்க ஊருலதான் வேலையில இருக்கான். நீ ஒரு எட்டு போயி, பையன் எப்படி, குடி கிடி இருக்கா, சேர்க்கை எப்படின்னு விசாரிச்சுச் சொல்லு.”

ஹேமா என் தங்கை. என்னைவிட நாலு வயது இளையவள். அவளுக்கு வரன் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வாரமே போகிறேன் என்றேன்.

“இரு, இரு. போறது சரி. அக்கான்னு சொல்லிக்கிடாத. குடும்பத்துக்குத் தெரிஞ்சவங்க, பக்கத்துத் தெருன்னு சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். தமிழ்லயே பேசு. நம்ம பாஷை தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத. என்ன?”

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். முன்னோர் எந்தக் காலத்திலோ குஜராத் பக்கமிருந்து வந்து, தறி, புடவை வியாபாரம் என்று மதுரையில் ஊன்றிவிட்டவர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசல் தாண்டினால் தமிழ். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் அண்ணனும் என்னிடம் எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைக்கு வரும் வியாபாரியிடம் பேசுவதுபோலத் தமிழில்தான் பேசுவார்கள். இது போதாதென்று, அந்தப் பாஷையே எனக்குத் தெரியாது என்று நடிக்க வேண்டுமாம்.

“ஏண்ணா, நான் அவளுக்கு அக்கா இல்லையா?”

“இந்தா, ஆரம்பிச்சிட்டியா. ஏற்கெனவே ரெண்டு எடம் ஒன்னாலதான தட்டிப் போச்சு? இதாச்சும் நடக்கட்டும். நம்பர் தாரேன், எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். ஒரே எண்ணை இரண்டு தடவை கேட்டேன். கல்யாண நாளைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. கேசரியில் முத்து சர்க்கரையைக் கொட்டிவிட்டிருந்தார். திகட்டத் திகட்டத் தின்றோம்.

2

நான் செய்த குற்றம் என்ன என்று இதைப் படிக்கிற மதுரைக்காரர்கள் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாயிரமாவது வருஷம் வாக்கில், பி.காம். முடித்துவிட்டு காமராஜர் சாலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் அது டைப்ரைட்டிங் கிளாஸ். பிளைவுட் தடுப்பு, பச்சைத் திரை, ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். மத்தியானம் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் தமிழ் சாட் ரூமில் நுழைந்து பார்ப்பேன். அங்கே இருக்கிற அத்தனை ஆம்பளைகளும் அமெரிக்காவில் இருப்பார்கள், எல்லாருக்கும் வயது இருபத்தாறு. ஒரே ஒரு ஆள் மட்டும், “கப்பலூர். ஷிப்ட் முடிஞ்சு வந்தேன். கையெல்லாம் கிரீஸ், கீபோர்டு வழுக்குது” என்று எழுதினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதுதான் முத்து. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பாக்டரியில் டூல் மேக்கர்.

மூன்று மாதம் எழுத்திலேயே பேசினோம். பிறகு வண்டியூர்த் தெப்பக்குளத்தில், பட்டப்பகலில் பார்த்துக்கொண்டோம். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு பேர் சந்திக்க உலகத்தையே சுற்றி வரவேண்டியிருந்தது என்று முத்து சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆள்தான் என்று.

அம்மா நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பாவிடம் நானே நேராகச் சொன்னேன். கடையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை அவர்.

“டப்பாக்குள்ள பேசி ஆளப் புடிச்சியா? இதுக்குப் பேரு என்ன தெரியுமா?” என்றார். கம்ப்யூட்டர்தான் அவருக்குப் பிரச்சினை என்று நினைத்தேன், நான் ஒரு மக்கு. அடுத்து எந்த ஊர் என்றார். பரவை என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை என்றேன். எந்தத் தெரு என்றார். தெருவைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியதையெல்லாம் இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. அவருக்குக் கூசவில்லை.

ரிஜிஸ்டர் கல்யாணம். முத்துவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். எனக்கு விசா வேண்டும். விசா ஆபீசில் கேட்டார்கள்: இந்தக் கல்யாணம் உண்மையானதுதான் என்பதற்கு ஆதாரம் என்ன? கல்யாண மண்டப போட்டோ உண்டா? இல்லை. இரு வீட்டார் கடிதம் உண்டா? இல்லை. வேறு என்னதான் இருக்கிறது? நான் எங்களுடைய சாட் பேச்சையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஒரு கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வா என்றார்கள். கோர்ட் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பாளர், காதில் பேனா செருகிய மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு பொம்பளப் பிள்ளை வெளிய காட்டுற காகிதமாம்மா?” என்றார். பிறகு அத்தனையையும் ஒழுங்காக மொழிபெயர்த்தார். நாங்கள் எத்தனை முறை சாப்டியா என்று கேட்டிருந்தோமோ அத்தனை முறையும், “தாங்கள் உணவு உட்கொண்டீர்களா?” என்று சுத்தமான இங்கிலீஷில் அடித்துத் தந்தார்.

விசா அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கட்டைப் புரட்டிவிட்டு, “ஏன் உங்கள் கணவர் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அக்கறை இருந்தால் அப்படித்தான் கேட்பார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இது உண்மையான உறவுதான் என்று எழுதி அனுப்பினார். என் அப்பா எந்தப் பேச்சுக்காக என்னைத் தெருவில் நிறுத்தினாரோ, அதே பேச்சை வைத்து ஒரு அந்நிய நாடு என்னைக் கதவைத் திறந்து உள்ளே விட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இங்கே வந்த புதிதில், எப்படி அறிமுகமானீர்கள் என்று வேலையிடத்தில் யாராவது கேட்டால், “சொந்தக்காரர், வீட்டில் பார்த்து வைத்தார்கள்” என்பேன். பழக்க தோஷம். ஒரு நாள் என் பக்கத்து மேசை லின்டா, ஐம்பது வயது, புருஷனைப் பிரிந்தவள், சனிக்கிழமை ஒருவரோடு சாப்பிடப் போனதாகவும் அவரை இன்டர்நெட்டில்தான் பிடித்ததாகவும் எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள். அன்றைக்குத்தான் பொய்யை நிறுத்தினேன்.

3

அண்ணன் அடுத்த நாள் ஒரு மெயில் அனுப்பினான். பையனின் பக்கம், ஹேமாவின் பக்கம் இரண்டுக்கும் லிங்க். ஏதோ ஒரு கல்யாண வெப்சைட். ஹேமாவின் பக்கத்தைத் திறந்தேன். முல்லைப்பூ வைத்து, பச்சைப் பட்டுப் புடவையில் நின்றாள். எட்டு வருஷத்தில் முகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கீழே கட்டம் கட்டமாக விவரம். ஜாதி முதலில். நட்சத்திரம், உயரம், நிறம். அப்பா தொழில். சகோதரர்கள்: ஒருவர், திருமணமானவர். சகோதரிகள்: இல்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை என்றுதான் போட்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். மதுரையில் தரகர் வழியாக வந்த இரண்டு வரனும் என்னால் முறிந்தன. விசாரிக்கப் போனவர்களுக்குத் தெருவில் நாலு பேர் என் கதையைச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும். அதனால் என்ன செய்தார்கள்? தெரியாத ஊரில் தேடுவதற்கு இன்டர்நெட்டுக்குப் போனார்கள். இன்டர்நெட்டில் ஆளைப் பிடித்த மூத்த மகளை மறைக்க, இளைய மகளுக்கு இன்டர்நெட்டில் ஆளைத் தேடுகிறார்கள்! டப்பா, கிப்பா என்று குதித்த அப்பா சாயங்காலமானால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தது காட்டு, அடுத்தது காட்டு என்கிறாராம். நான் வேலை பார்த்த அதே பிரவுசிங் சென்டர் வாசலில் இப்போது ‘இங்கு வரன் பதிவு செய்யப்படும்’ என்று போர்டு தொங்குகிறதாம். காலம் மாறிவிட்டது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். என்ன மண்ணாங்கட்டி மாறியது? தரகர் கையிலிருந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. முதல் கட்டம் அன்றைக்கும் ஜாதி, இன்றைக்கும் ஜாதி.

முத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார். தோளைத் தட்டினார்.

“விடு மாலு. கட்டத்துல இல்லன்னு போட்டா நீ இல்லாமப் போயிருவியா?”

“ஒங்களுக்கென்ன, ஈசியாச் சொல்லிட்டீங்க! ஒங்க வீட்ல ஒங்கள இப்படிச் செஞ்சா தெரியும்!”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “எங்க அப்பாவ மார்க்கெட்ல பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதே இல்ல. ஏய்னுதான் கூப்புடுவாய்ங்க. எழுவது வயசு வரைக்கும் ஏய்தான். ஒனக்கு இப்பத்தான் மொதத் தடவ இல்லன்னு போட்டிருக்காய்ங்க. அதான் இம்புட்டு வலிக்குது.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

4

பையன் பெயர் ஹரிஷ். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாட். நான் போனது சனிக்கிழமை காலை. நல்ல மரியாதை. “வாங்கக்கா, உக்காருங்க, ஃபில்டர் காபியே போடுறேன்” என்றான். அக்கா என்றதும் ஒரு கணம் திக்கென்றது. ஊர்ப்பக்கம் யாரையும் அப்படித்தானே கூப்பிடுவோம் என்று தேற்றிக்கொண்டேன். தங்கை வாழ்க்கை, வாயை மூடிக்கொண்டு வந்த வேலையைப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். சிகரெட் நாற்றம் இல்லை. பாட்டில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு இருந்தது. நல்ல வேலை, பதிலும் பணிவான பதில். ஹேமாவுக்குப் பொருத்தம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது சேலத்திலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார். அவன் என் எதிரிலேயே உட்கார்ந்து எங்கள் பாஷையில் பேசினான். எனக்குப் புரியாது என்ற தைரியம். சேலத்து இழுப்பு கொஞ்சம் உண்டு, மற்றபடி ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. தமிழில் தருகிறேன்.

“ஆமாம்மா, வந்திருக்காங்க. மதுரைத் தமிழ்க்காரங்க. அதெல்லாம் நான் எதுக்குச் சொல்லப்போறேன்? அவ போன வருஷமே காலி பண்ணிட்டுப் போயிட்டா. அவ துணிமணி ஒண்ணுகூட இங்க இல்ல. நீங்க கவலப்படாதீங்க. சரி, இவங்ககிட்டயே கேட்டுர்றேன், அந்த வீட்ல லவ்வு கிவ்வுன்னு எதுவும் இருக்கான்னு.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். தமிழுக்கு மாறினான்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்களுக்கு மதுரையில ஆள் கிடையாது. நீங்க பக்கத்துத் தெருங்கறதால கேக்குறேன். அது க்ளீன் ஃபேமிலிதானே?”

விசாரிக்கப் போனவளையே விசாரிக்கிறான்! க்ளீன் என்ற வார்த்தை எனக்கு நெஞ்சில் ஏறியது. அண்ணன் சொன்னது, தங்கை வாழ்க்கை, எல்லாம் மறந்துபோனது. எங்கள் பாஷையிலேயே கேட்டேன்.

“காலி பண்ணிட்டுப் போனவ பேரு என்ன தம்பி?”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. டம்ளரை மேசையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். இங்கே பிறந்து வளர்ந்த பெண். டேட்டிங் வெப்சைட்டில் பழக்கம். இரண்டு வருஷம் இதே பிளாட்டில் சேர்ந்து இருந்தார்கள். ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

“இங்க எல்லாரும் இப்படித்தானேக்கா பழகுறாங்க? இதுல தப்பு இல்லையே?”

“தப்புன்னு நான் சொல்லலப்பா. நானே அப்படிக் கல்யாணம் பண்ணவதான். ஹேமாவுக்கு ஒரு அக்கா இருக்கா. அது நான்.”

முழுக் கதையையும் சொன்னேன், முத்து எந்தத் தெரு என்பது வரைக்கும். கேட்டுவிட்டு அவன் முகம் தெளிந்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

“சூப்பர்க்கா! எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷனும் இல்ல. ஜாதியெல்லாம் நான் பாக்குறதே இல்ல. ஆனா எங்க அம்மா அப்பாவுக்கு இது வேணாம். அவங்களுக்கு நீங்க தெரிஞ்சவங்களாவே இருங்க. என் விஷயத்த நீங்க ஹேமா வீட்ல சொல்லாதீங்க, உங்க விஷயத்த நான் எங்க வீட்ல சொல்லல. எல்லாருக்கும் நல்லதுதானே?”

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு வந்திருப்பேன். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ரயிலில் எங்கள் ஸ்டேஷனை விட்டு மூன்று ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கினேன்.

5

அண்ணனிடம் சொன்னேன். பிளாட், விளக்கு, வேலை எல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணையும் சொன்னேன்.

“அட, இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்,” என்றான். “வெளிநாட்ல தனியா இருக்க பய, அப்படி இப்படித்தான் இருப்பான். கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும். இத ஹேமாகிட்ட ஒளறி வைக்காத.”

“நான் ரிஜிஸ்டர் பண்ணிக் குடும்பம் நடத்துறேன், நான் வீட்டுக்கு அசிங்கம். அவன் கல்யாணமே பண்ணாம ரெண்டு வருஷம் ஒருத்திகூட இருந்தான், அவன் மாப்பிள்ளை. இது எந்த ஊரு நியாயம்ணா?”

“அவன் நம்ம ஆளும்மா,” என்றான். மறைக்கக்கூட இல்லை. போனை அவனே வைத்துவிட்டான்.

ஹேமாவின் செல்லுக்குக் கூப்பிட்டேன். அவள் ஒரு ஸ்கூலில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரம். வெளியே மரத்தடிக்கு வந்து பேசினாள். அவள் மட்டும் என்னோடு எங்கள் பாஷையில்தான் பேசுவாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், அவன் அம்மா, அவன் போட்ட ஒப்பந்தம், சகோதரிகள் இல்லை என்ற கட்டம், எல்லாம். குமுறித் தீர்த்தேன்.

அவள் கேட்டுவிட்டு, “அந்தக் கட்டத்த யாரு டைப் அடிச்சா தெரியுமா? நான்தான்,” என்றாள்.

“நீயாடி?” என்றேன்.

“ரெண்டாவது எடம் முறிஞ்சப்ப புடவகூட எடுத்தாச்சு அக்கா. திருப்பிக் குடுக்கப் போனது நானு. கடைக்காரன் கேக்குறான், ஏம்மா, என்ன கொறைன்னு. நீ போயிட்ட. போனது தப்புன்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல. ஆனா நீ போனதுக்கு இங்க எட்டு வருஷமா பதில் சொல்லிக்கிட்டிருக்கது நானு. அண்ணி சாப்பாட்டுத் தட்ட வைக்கிற சத்தத்துலயே எனக்குத் தெரியும், நான் இன்னும் எத்தன நாள் இந்த வீட்ல இருக்கலாம்னு. ஒனக்குக் கோவப்பட்டா போயி உக்கார ஒரு வீடு இருக்கு. நான் கோவப்பட்டா எங்க போவேன்?”

“அதுக்காக இவனையா...”

“அவன் யாருகூட இருந்தா எனக்கென்ன? குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான்னு நீயே சொல்ற. எனக்கு வெளிய வரணும். ஒனக்கு ஒரு வழி கெடச்சுச்சு, எனக்கு இது. நீ வாய மூடிக்கிட்டு இரு. எனக்கு அது போதும்.”

வாயை மூடிக்கொண்டேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை இல்லை. சிடி மட்டும் வந்தது, ஹேமா யார் மூலமாகவோ கொடுத்துவிட்டாள். அதில் அப்பா எல்லாரையும் எங்கள் பாஷையில் வாய் நிறைய வரவேற்கிறார். பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

6

ஹேமா இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். ஹரிஷ் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறான், அதையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை தோறும் வருவார்கள். முத்துவை அண்ணே, அண்ணே என்று அவன் சுற்றிச் சுற்றி வருவான். மனசு கொஞ்சம் ஆறியிருந்தது.

கயல் வீட்டிலும் பேசுவது இங்கிலீஷ்தான். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். எங்கள் பாஷை சுத்தமாகத் தெரியாது. அவளுக்குத் தாத்தா, மாமா எல்லாம் கதைப் புத்தகத்தில் வருகிற ஆட்கள். ஆனால் ஹேமா வந்த பிறகு சித்தி என்ற சொல் மட்டும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. சித்தி, கம் ஹியர். சித்தி, லுக் அட் திஸ். ஸ்கூலில் அவளுடைய டீச்சரிடம்கூடச் சித்தி என்றால் யார் என்று விளக்கியிருக்கிறாள்.

போன மாதம் ஹரிஷின் அம்மா சேலத்திலிருந்து வந்தார். ஹேமா முதல் நாளே போன் செய்தாள்.

“அத்தை உங்களப் பாக்கணுங்கறாங்க. மதுரைக்காரங்க, நல்லா உதவியா இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். வாங்க. கயல்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிரு. ஆன்ட்டின்னு கூப்பிடச் சொல்லு. ஒரு நாள்தானக்கா.”

எத்தனையோ விழுங்கியாகிவிட்டது, இதையும் விழுங்கினேன். காரில் போகும்போது கயலிடம் சொன்னேன். இன்றைக்கு மட்டும் ஆன்ட்டி, சித்தி என்று சொல்லக்கூடாது. ஏன் என்றாள். ஒரு ரகசியம் என்றேன். இங்கே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்துகிறார்கள்: பெரியவர்கள் யாராவது உன்னை ரகசியம் காக்கச் சொன்னால், அது நல்ல ரகசியமா கெட்ட ரகசியமா என்று யோசி, கெட்ட ரகசியம் என்றால் டீச்சரிடம் சொல். கயல் யோசித்தாள். “இது எந்த ரகசியம்மா?” என்று கேட்டாள். நான் அவள் ரிப்பனைச் சரிசெய்தேன். முத்து வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஹரிஷின் அம்மா தங்கமான பேச்சு. எங்களை உட்காரவைத்து, தமிழில் ஊர்க்கதையெல்லாம் கேட்டார். பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது.

“எங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க? எல்லாம் இன்டர்நெட் பண்ண புண்ணியம். நான்தான் மவுஸ நகத்தி நகத்தி இந்தப் பொண்ணக் கண்டுபிடிச்சேன். இப்பெல்லாம் எல்லாரும் இப்படித்தான், தப்பே இல்லீங்க. காலம் மாறிப்போச்சு.”

ஹரிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நகத்தால் சோபாவைக் கீறிக்கொண்டிருந்தேன். ஹேமா ஒரு தட்டில் அல்வாவோடு வந்து கயலிடம் நீட்டினாள். கயல் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

“தேங்க்யூ, ஆன்ட்டி.”

ஒரு தடங்கல் இல்லை. ஒரு தயக்கம் இல்லை. அவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னாள் என் மகள். ஹேமாவின் கையில் தட்டு சாய்ந்துவிட்டது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

“அம்மா,” என்றேன் ஹரிஷின் அம்மாவிடம். “நான் பக்கத்துத் தெரு இல்ல. ஹேமாவோட கூடப் பொறந்த அக்கா. இவரு என் வீட்டுக்காரரு. பரவை. உங்க ஆளு இல்ல. நாங்களும் இன்டர்நெட்லதான் பழகிக் கல்யாணம் பண்ணோம். காலம் மாறிப்போச்சுன்னு இப்பத்தான சொன்னீங்க, அதான் சொல்றேன்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார், பிறகு ஹேமாவிடம் திரும்பினார்.

“வெப்சைட்ல சகோதரிகள் இல்லன்னுதானே போட்டிருந்துச்சு?”

வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. புடவையில் விலைச்சீட்டு மாறியிருந்தால் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஜாதியெல்லாம் பாக்குறதே இல்லை என்ற மகராசன் ஹரிஷ், காலியான அல்வாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஹேமாவைப் பார்த்தேன். கெடுத்துட்டியே அக்கா என்று கத்தப்போகிறாள், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. கீழே விழுந்த அல்வாவை எடுத்துத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கயலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“கயல், அந்தப் பாட்டி கேக்குறாங்க. நீ சொல்லு. நான் ஒனக்கு யாரு?”

கயலுக்குப் பதில் தெரியும். டீச்சருக்கே விளக்கிய பிள்ளை. ஆனால் அவள் சித்தியைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொன்னால் அம்மா திட்ட மாட்டாள் என்று பார்த்தாள்.

ஒன்பது வருஷமாக அப்பாவைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன். இந்தக் குழந்தைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவர்கள் யாரும் இல்லை. காரில் வைத்து நான்தான் கற்றுக்கொடுத்தேன்.